அல்பைன் ஸ்னோபோர்ட்: குதிகால் பக்கத் திருப்பத்தில் மட்டும் பலகை அதிர்ந்து வழுக்குகிறது, எங்கே பிழை?

பனிவரி, வின்ரத்தூர்:

அனைவருக்கும் வணக்கம். மென்மையான சப்பாத்துடன் ஆறு குளிர்காலம் ஸ்னோபோர்ட் சறுக்கிய பிறகு, இந்தப் பருவத்தில்தான் ஹார்ட்பூட் என்ற கடினமான சப்பாத்து அணிந்து, விளிம்பால் பனியை வெட்டிச் சறுக்கும் ஒடுங்கிய அல்பைன் பலகைக்கு மாறினேன். பலகை ஒருவர் பாவித்து விற்றது. நீளம் 168 சென்ரிமீற்றர், இடுப்பு அகலம், அதாவது நடுவில் மிக ஒடுங்கிய இடத்தின் அகலம், 19.5 சென்ரிமீற்றர், பலகையின் பக்கங்கள் உள்நோக்கி வளைந்திருக்கும் பக்கவளைவின் ஆரம் 12 மீற்றர். எனக்கு இடது கால் முன்னே. சப்பாத்தைப் பலகையோடு பிணைக்கும் பைண்டிங்கை, பலகையின் குறுக்குத் திசையிலிருந்து நுனியை நோக்கி, முன்காலுக்கு 60 பாகையிலும் பின்காலுக்கு 48 பாகையிலும் பூட்டியிருக்கிறேன். பெரும்பாலும் ஃபுளூம்சர்பேர்க்கில், எளிதான நீலத் தடங்களிலும் நடுத்தரமான சில சிவப்புத் தடங்களிலும் பழகுகிறேன்.

வலப்புறம் வளையும் விரல்பக்கத் திருப்பம், அதாவது கால்விரல் பக்க விளிம்பில் சாயும் திருப்பம், எனக்கு நன்றாக வருகிறது. நின்று திரும்பிப் பார்த்தால் பனியில் கத்தியால் கீறியது போல ஒரே ஒரு கோடுதான் இருக்கும். அந்தக் கோட்டைப் பார்ப்பதற்காகவே மறுபடி மேலே போகத் தோன்றுகிறது. ஆனால் குதிகால் பக்க விளிம்பில் சாய்ந்து இடப்புறம் வளையும் குதிப்பக்கத் திருப்பத்தில், வளைவின் பாதியைத் தாண்டியதும் பலகையின் வால் தடதடவென்று அதிர்ந்து வெளியே வழுக்கிவிடுகிறது. இரண்டு தடவை இடுப்பு அடிபட விழுந்தேன். வேகத்தைக் கூட்டிப் பார்த்தேன், பின்காலால் இன்னும் பலமாக அழுத்தியும் பார்த்தேன், அதிர்வு கூடியதே தவிரக் குறையவில்லை.

இன்னொரு சந்தேகமும் உண்டு. 185 சென்ரிமீற்றர் நீளமும் ஏறக்குறைய 20 மீற்றர் ஆரமும் கொண்ட போட்டிப் பலகை ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. அது பனியை இன்னும் உறுதியாகப் பிடிக்கும் என்கிறார்கள். வாங்கலாமா?

மலையோரம், தாவோஸ்:

தம்பி, முதலில் போட்டிப் பலகையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்களுடைய முதல் சந்தேகத்துக்கான விடையும் அதற்குள்ளேதான் இருக்கிறது. அல்பைன் பலகையை நாம் திருப்புவதில்லை, சாய்க்கிறோம். சாய்ந்த பலகை நம் பாரத்தில் வில்லாக வளைந்து, தன் பக்கவளைவு காட்டும் பாதையில் தானே போகிறது. சாய்வு கூடக் கூட அந்த வளைவு இறுகும். உங்கள் 12 மீற்றர் பலகையை 45 பாகை சாய்த்தால் அது ஏறக்குறைய 8.5 மீற்றர் ஆரத்தில் வளையும்; 60 பாகை சாய்த்தால் 6 மீற்றரில் வளையும். போட்டிப் பலகையோ அதே 60 பாகைச் சாய்விலும் 10 மீற்றர் ஆரத்தில்தான் வளையும். உடலும் பலகையும் ஒரே அளவு சாய்வதாக வைத்துக் கணக்கிட்டால், அந்தச் சாய்வில் விழாமல் நிற்க உங்கள் பலகைக்கு மணிக்கு ஏறக்குறைய 36 கிலோமீற்றர் வேகம் போதும், போட்டிப் பலகைக்கு 47 வேண்டும். குதிப்பக்கம் இன்னும் கைகூடாத நிலையில் அந்த வேகத்தைத் தேடிப் போக வேண்டாம். இப்போது இருக்கும் பலகை பழகுவதற்கு மிகவும் பொருத்தமானது.

இனி வழுக்கலைப் பார்ப்போம். பின்காலால் பலமாக அழுத்தினேன் என்று எழுதியிருக்கிறீர்கள். மென்சப்பாத்துக் காலத்தில் வாலைத் தள்ளித் திருப்பிய பழக்கம் அங்கே தொடர்கிறது என்றுதான் நினைக்கிறேன். வாலைத் தள்ளினால் அது நுனி போன கோட்டை விட்டு விலகும். விலகியதும் விளிம்பு பனியை வெட்டாமல் சுரண்டத் தொடங்கும். அந்தச் சுரண்டல்தான் உங்களுக்கு அதிர்வாகத் தெரிகிறது.

அடுத்த முறை விழுந்ததும் உடனே எழுந்து போகாமல், உங்கள் தடத்தைக் குனிந்து பாருங்கள். மெல்லிய கோடு எந்த இடத்தில் அகலமான தேய்ப்பாக மாறுகிறது? திருப்பத்தின் தொடக்கத்திலா, சரிவின் நேர்கீழ்த் திசையிலா, அதைத் தாண்டியா? அதோடு, வீட்டில் குதிப்பக்க விளிம்பின் மேல் நகத்தின் முதுகை மெதுவாகக் குறுக்கே இழுத்துப் பாருங்கள். கூரான விளிம்பு நகத்திலிருந்து வெள்ளைத் தூள் சீவும். வழுக்கிக்கொண்டு போனால் அது மழுங்கிவிட்டது. பாவித்த பலகையில் ஒரு பக்கம் மட்டும் கல்லில் பட்டு மழுங்கியிருப்பதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன்.

பனிவரி, வின்ரத்தூர்:

மிக்க நன்றி அண்ணா. போட்டிப் பலகை எண்ணத்தை விட்டுவிட்டேன். நகத்தால் பார்த்தேன்: விரல்பக்கம் முழு நீளத்துக்கும் சீவுகிறது; குதிப்பக்கத்தில் பின்பைண்டிங்குக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்கு நகம் வழுக்குகிறது, கைவிரலுக்குச் சிறு பிசிறுகளும் தட்டுப்படுகின்றன. நேற்றுத் தடத்தையும் பார்த்தேன். தொடக்கத்தில் அரை விரல் ஆழத்துக்குச் சுத்தமான வெட்டு இருக்கிறது. நேர்கீழ்த் திசையைத் தாண்டி ஓரிரு மீற்றரில் அது உள்ளங்கை அகலத்துக்கு விரிந்து, பிறகு ஏணிப்படி போலக் குறுக்குக் கோடுகளாகிவிடுகிறது.

குளிர்காலை, லூசேர்ன்:

வணக்கம் தம்பி. அந்த ஏணிப்படியை எனக்கு நன்றாகத் தெரியும், இரண்டு பருவம் நானும் அதைத்தான் பனியில் போட்டுக்கொண்டிருந்தேன். விளிம்பைத் தீட்டுங்கள், அது அவசியம். பிசிறை முதலில் வைரத்தூள் பதித்த தகட்டால் ஈரம் வைத்து எடுத்துவிட்டு, விளிம்பின் பக்கமுகத்தை அடிப்பக்கத்தோடு 88 பாகைக் கோணம் வரும்படி தீட்டினால் போதும். அடிப்பக்கச் சாய்வு, அதாவது விளிம்பின் கீழ்முகம் பலகையின் அடியிலிருந்து மேல்நோக்கி விலகும் அளவு, அரைப் பாகையிலிருந்து ஒரு பாகைக்குள் இருக்கட்டும். ஆனால் தீட்டியவுடன் எல்லாம் சரியாகிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். கோடு நன்றாகத் தொடங்கி நடுவில் கெடுவது பெரும்பாலும் இடுப்பினால் வருவது.

குதிப்பக்கம் சாயும்போது கதிரையில் உட்காருவது போல இடுப்பைப் பின்னுக்கு எடுக்கிறோம். அப்போது நெஞ்சு முன்னுக்குக் குனிகிறது, பின்தோள் பின்னாலேயே தங்கிவிடுகிறது. பார்ப்பவருக்கு நாம் மிகவும் தாழ்ந்து சறுக்குவது போலத் தெரியும், ஆனால் பாரம் வாலின் மேல் போய்விட்டதால் பலகையின் முன்பாதி பனியை வெட்டுவதில்லை. உங்கள் பைண்டிங் கோணங்களும் இதற்குத் துணைபோகின்றன. முன்காலுக்கும் பின்காலுக்கும் 12 பாகை வித்தியாசம் இருக்கும்போது இடுப்பு பலகையின் நுனியைப் பார்க்க மறுக்கிறது. சப்பாத்தின் நுனி விளிம்புக்கு வெளியே நீட்டாமல் பார்த்துக்கொண்டு, பின்காலை 55 பாகை அளவுக்குக் கொண்டுவந்து பாருங்கள். முன்காலின் விரல்பக்கத்தையும் பின்காலின் குதிப்பக்கத்தையும் சிறிது உயர்த்தும் ஆப்புகள் பைண்டிங்கில் இருந்தால் அவற்றையும் போடலாம். ஆனால் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது பலன் தந்தது என்று தெரியாமல் போகும்.

பயிற்சிக்கு அகலமான நீலத் தடத்தைத் தேர்ந்தெடுங்கள். காலையில் முதல் லிப்டிலேயே ஏறிவிடுங்கள். இரவில் தடத்தைச் சமன்செய்யும் வண்டி வாரிவிட்ட பனி, ஈர்க்குமாற்றால் கூட்டிய முற்றத்து மணல் போலக் கோடுகோடாக இருக்கும். அந்தப் பனியில் உங்கள் தடம் எழுத்துப் போலத் தெளிவாகத் தெரியும். தடத்துக்குக் குறுக்காகக் குதிப்பக்க விளிம்பில் மெதுவாகப் புறப்பட்டு, எதையும் தள்ளாமல், சாய்வை மட்டும் கூட்டிவிட்டுக் காத்திருங்கள். பலகை தானாக மேட்டுப்பக்கம் வளைந்து ஏறி நிற்கும். நின்றதும் கோட்டைப் பாருங்கள். கோடு சுத்தமாக இருந்தால் அடுத்த தடவை கொஞ்சம் கீழ்நோக்கிப் புறப்படுங்கள். நேர்கீழ்த் திசையிலிருந்தே புறப்பட்டாலும் கோடு கெடாத நிலை வரும்வரை இரண்டு திருப்பங்களை இணைக்க வேண்டாம்.

குதிப்பக்கம் வளையும்போது உங்கள் வலது கையை, அதாவது பின்கையை, முன்முழங்காலின் வெளிப்பக்கம் தொடும் வரைக்கும் கொண்டுவாருங்கள். அந்தக் கை போனால் தோள் கூடவே போகும், தோளோடு இடுப்பும் திரும்பும். கண் வளைவின் முடிவைப் பார்க்கட்டும், பலகையைப் பார்க்க வேண்டாம். முன்காலின் விரல்களைச் சப்பாத்துக்குள்ளேயே மேல்நோக்கி இழுத்துப் பிடித்தால் விளிம்பு இன்னும் ஆழமாகப் பதியும்.

மாலையில் நேரம் இருந்தால், இருவர் அருகருகான தடங்களில் கம்பங்களைச் சுற்றிச் சறுக்கும் பரலல் ஜயன்ற் சிலாலோம் போட்டிப் பதிவுகளைப் பாருங்கள். 2006 ஒலிம்பிக்கில் பிலிப் ஷோக் தன் சகோதரர் சிமோனை வென்ற இறுதிப் போட்டி, 2018இல் நெவின் கல்மரினி தங்கம் வென்ற போட்டி, இரண்டுமே நம் சுவிற்சர்லாந்து வீரர்களுடையவை. ஒரு முறை முழுவதும் இடுப்பை மட்டும் பாருங்கள், அடுத்த முறை பின்கையை மட்டும் பாருங்கள்.

மலையோரம், தாவோஸ்:

தங்கச்சி சொன்ன இடுப்பு விடயம் முற்றிலும் சரி. பைண்டிங்கைப் பற்றி மட்டும் ஒரு சிறு வேறுபாடு: பின்கால் கோணத்தை மாற்றுங்கள், ஆனால் ஆப்புகளை இந்தப் பருவத்தில் தொட வேண்டாம் என்பது என் கருத்து. பின்காலில் குதி அதிகம் உயர்ந்தால் சிலருக்கு முழங்காலில் வலி வரும். அதை விட, சப்பாத்தின் முன்சாய்வை, அதாவது அதன் மேற்பகுதி முன்னோக்கிச் சாயும் அளவை, முதலில் பாருங்கள். முன்கால் சப்பாத்து ஓரளவு நிமிர்ந்தும் பின்கால் சப்பாத்து கூடுதலாகச் சாய்ந்தும் இருந்தால் இடுப்பு தானாகப் பலகையின் நடுவுக்கு வரும். சாய்வைப் பூட்டும் சப்பாத்தின் நெம்புகோல், நடப்பதற்காகத் தளர்த்திவிட்ட நிலையில் இல்லாமல் பூட்டப்பட்டிருக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் தொட்டுப் பார்ப்பதும் நல்லது.

பனிவரி, வின்ரத்தூர்:

இருவருக்கும் நன்றி. சனி, ஞாயிறு இரு காலையும் போனேன். விளிம்பைத் தீட்டிவிட்டுப் பின்காலை 55 பாகைக்கு மாற்றினேன், வேறு எதையும் தொடவில்லை. சனிக்கிழமை தீட்டிய விளிம்பில் பழைய பழக்கத்தோடு சறுக்கியபோது அதிர்வு கொஞ்சம் தள்ளித்தான் தொடங்கியது, நிற்கவில்லை; அக்கா சொன்னது அப்போதே விளங்கியது. பிறகு குறுக்கே புறப்பட்டு மேடேறி நிற்கும் பயிற்சியை மட்டும் முப்பது தடவைக்கு மேல் செய்தேன். ஞாயிறு காலை ஒன்பது மணியளவில், பின்கை முழங்காலைத் தொட்ட ஒரு திருப்பத்தில் சத்தமே இல்லை. பலகை என்னைத் தூக்கி மறுபக்கம் வைத்தது போல இருந்தது. திரும்பிப் பார்த்தேன், குதிப்பக்கக் கோடும் விரல்பக்கக் கோடும் ஒரே மெலிவில் இருந்தன. படம் எடுக்கக் கைபேசியை எடுத்தவன், எடுக்காமலே நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பத்து மணிக்குப் பிறகு ஆட்கள் கூடினார்கள். இப்போது என் வளைவு தடத்தின் முழு அகலத்துக்கும் போவதால், மேலிருந்து நேராக வந்த ஒருவர் எனக்கு மிக அருகில் விலகிச் சென்றார். இதற்கு என்ன செய்வது?

குளிர்காலை, லூசேர்ன்:

மிகவும் மகிழ்ச்சி, தம்பி. சர்வதேசப் பனிச்சறுக்குச் சம்மேளனத்தின் நடத்தை விதிப்படி கீழே இருப்பவருக்கு வழிவிட வேண்டியது மேலிருந்து வருபவரின் கடமைதான். ஆனால் நின்றுவிட்டுப் புறப்படும்போதும், சரிவில் மேல்நோக்கி ஏறும்போதும் மேலும் கீழும் பார்க்க வேண்டியது நம் கடமை என்று அதே விதிகள் சொல்கின்றன. நம்முடைய இறுகிய வளைவு கடைசியில் மேட்டுப்பக்கம் ஏறுகிறது. இடது கால் முன்னே வைக்கும் உங்களுக்குக் குதிப்பக்கம் போகும்போது இடது தோளுக்குப் பின்னால் எதுவும் தெரியாது. ஆகவே ஒவ்வொரு குதிப்பக்கத் திருப்பத்துக்கும் முன், விளிம்பு மாறும் அந்தக் கணத்தில், தலையை முழுவதும் திருப்பி மேலே ஒரு பார்வை பாருங்கள். ஆள் இருந்தால் அந்தத் திருப்பத்தை விட்டுவிடுங்கள். பத்து மணிக்குப் பிறகு தடத்தின் ஒரு பாதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், முழு அகலத்தை அடுத்த நாள் முதல் லிப்டுக்கு வைத்துக்கொள்ளலாம். வீட்டுக்கு வந்ததும் விளிம்புகளைத் துணியால் துடைத்துவிடுங்கள். தீட்டிய இரும்பு ஒரே இரவில் துருப்பிடித்துவிடும்.