ஸ்கூபா: மீன் பார்க்கப் போகிறவனுக்கு இவ்வளவு விலையில் பயிற்சியா?

கடல்நாரை:
ஆண்டுக்கு ஒருமுறை அந்தமான், ஹேவ்லாக் தீவில் காற்று சிலிண்டரோடு கடலுக்குள் மூழ்கி டைவ் செய்கிறவன் நான். பேடி என்ற டைவிங் பயிற்சி அமைப்பின் ஆரம்ப வகுப்பான ஓப்பன் வாட்டர் முடித்த கையோடு, அடுத்த நிலையான அட்வான்ஸ்டும் வாங்கிவிட்டேன். இப்போது நண்பர் ஒருவர் ஜி.யூ.இ. (குளோபல் அண்டர்வாட்டர் எக்ஸ்ப்ளோரர்ஸ்) என்ற கறாரான டைவிங் அமைப்பின் ஃபண்டமென்டல்ஸ் என்ற அடிப்படைத் திறன் வகுப்பில் சேரச் சொல்லி உயிரை எடுக்கிறார். பயிற்றுநர் இருப்பது வெளிநாட்டில். கட்டணம், விமானம், தங்குமிடம் எல்லாம் கூட்டினால் அந்தமானுக்கு இரண்டு முறை போய்வரலாம். எனக்கு இது தேவையா?

திருக்கை:
தேவையே இல்லை. ஜி.யூ.இ.யின் வேர் ஃபுளோரிடாவின் நீரடிக் குகைகளில் இருக்கிறது. தலைக்கு மேல் பாறை, வெளியேற நெடுந்தூரம் நீந்த வேண்டும் என்ற இடத்தில் அந்த ராணுவ ஒழுங்கு உயிரைக் காக்கும். நீங்களோ வழிகாட்டியான டைவ் மாஸ்டரின் பின்னால் போய்க் கோமாளி மீனைப் படம் எடுக்கப் போகிறீர்கள். அதற்கு அவர்கள் பாணியில் இரண்டு மீட்டர் நீளக் காற்றுக் குழாயைக் கழுத்தில் சுற்றிக்கொள்ள வேண்டுமா? அந்தப் பணத்தில் கூடுதலாக டைவ் செய்யுங்கள். நீருக்குள் கழிக்கும் நேரம் கற்றுத்தராததை எந்த வகுப்பும் கற்றுத்தராது.

பாறைமீன்:
கோமாளி மீன் வரைக்கும் சரி. ஆனால் கடல்நாரையின் கையில் இருக்கும் சான்று அட்டை அவரை 30 மீட்டர் வரை அனுப்புகிறது. ஓப்பன் வாட்டரில் கடலில் நான்கு டைவ், அட்வான்ஸ்டில் ஐந்து. ஆக, ஒன்பது டைவ் செய்தவருக்கு 30 மீட்டர் அனுமதி!

சிலிண்டரில் காற்றழுத்தம் 50 பாருக்கு இறங்கியதும் மேலே கிளம்புங்கள் என்று சொல்லும் படகுகள் உண்டு. கணக்குப் போட்டுப் பார்ப்போம். 30 மீட்டரில் அழுத்தம் நான்கு மடங்கு, அதனால் காற்றும் நான்கு மடங்கு செலவாகும். உடன் டைவ் செய்பவரின் காற்று தீர்ந்து, இருவரும் உங்கள் சிலிண்டரிலிருந்தே மூச்சு விடுகிறீர்கள். பதற்றத்தில் ஆளுக்கு நிமிடம் 20 லிட்டர் என்று வையுங்கள். நிலைமையைச் சமாளிக்கும் முதல் நிமிடத்துக்கே 160 லிட்டர். நிமிடத்துக்கு 9 மீட்டர் வேகத்தில் 5 மீட்டர் ஆழம் வரை ஏற 305. அங்கே பாதுகாப்புக்காக நிற்கும் மூன்று நிமிட நிறுத்தத்துக்கு 180. கடைசி 5 மீட்டருக்கு 28. மொத்தம் 673 லிட்டர். நாம் எல்லோரும் வாடகைக்கு எடுக்கும் 11 லிட்டர் அலுமினிய சிலிண்டரில் (ஒரு பாருக்கு 11 லிட்டர் காற்று) இது 61 பார். அந்த 50 பார் போதாது. விடுமுறைத்தல வகுப்பில் யாராவது உட்கார்ந்து இதைப் போட்டுக் காட்டினார்களா?

டைவர்களின் பாதுகாப்புக்கான டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் அமைப்பின் ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்ட மரண ஆய்வில், விபத்தைத் தொடங்கிவைத்த காரணங்களில் முதலிடம் காற்றுப் பற்றாக்குறைக்கு: 41 சதவீதம்.

திருக்கை:
அதே ஆய்வில் நான்கில் ஒருவருக்கு மேல் இதயக் கோளாறால் செயலிழந்தார் என்றும் இருக்கிறது. அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? நாற்பதைத் தாண்டியவர் வகுப்புக்குக் கட்டும் பணத்தை முதலில் இதய மருத்துவரிடம் கொடுக்கட்டும்.

உங்கள் கணக்கையே 15 மீட்டருக்குப் போடுங்கள். 400 லிட்டர்கூட வராது, 36 பார். 50 பார் தாராளம். தவிர, நாற்காலியில் உட்கார்ந்து ஐந்து நிமிடத்தில் இலவசமாகக் கற்றுக்கொடுத்துவிட்டீர்களே, இதற்கா விமான டிக்கெட்?

பாறைமீன்:
கணக்கு இலவசம்தான். மிரண்டுபோன ஒருவர் உங்கள் குழாயில் மூச்சு வாங்கும்போது 5 மீட்டரில் மூன்று நிமிடம் அசையாமல் நிற்பது இலவசமாக வராது. அந்த வகுப்பில் நீங்கள் செய்வதைப் படம்பிடித்து மாலையில் போட்டுக் காட்டுவார்கள். நன்றாக மிதக்கிறோம் என்று நம்பிக்கொண்டிருப்பவர் காலில் மாட்டிய ஃபின்னால் (துடுப்பால்) மணலைக் கிளப்பிக்கொண்டு திரிவது திரையில் தெரியும். தேறாவிட்டால் அட்டை கிடையாது; ஆறு மாதத்துக்குள் திரும்ப வந்து செய்துகாட்ட வேண்டும். பணம் கட்டிய எல்லோருக்கும் அட்டை தரும் இடத்தில் இந்த அழுத்தம் வராது.

அலைமகள்:
இரண்டு பேரும் விலையையும் தரத்தையும் ஒன்றாகவே பேசுகிறீர்கள். நான் இங்கிலாந்தில் பி.எஸ்.ஏ.சி. (பிரிட்டிஷ் சப்-அக்வா கிளப்) சங்கத்தில் கற்றவள். 1953இல் தொடங்கிய அமைப்பு. சங்கங்களில் கற்றுக்கொடுப்பவர்கள் தன்னார்வலர்கள். ஸ்டோனி கோவ் என்ற நீர் நிரம்பிய பழைய கல் குவாரியில், விரல் விறைக்கும் குளிரில், ஒரே பயிற்சியை வாராவாரம் செய்யவைத்தார்கள். சந்தா சொற்பம், பொறுமைதான் அதிகம் செலவாயிற்று. பேடியிலும் அருமையான பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். கடலில் ஒரு பயிற்றுநருக்கு எட்டு மாணவர்கள் வரை விதி இடம் கொடுக்கிறது; இரண்டு பேரோடு நிறுத்திக்கொள்கிறவரைத் தேடிப் பிடியுங்கள். அமைப்பின் பெயரைக் கேட்பதற்கு முன் அதைக் கேளுங்கள்.

திருக்கை:
அலைமகள் சொல்வதில் பாதியை ஏற்கிறேன். ஆனால் நம் ஊரில் அப்படிச் சங்கம் எங்கே இருக்கிறது? வாராவாரம் குவாரிக்குப் போக வழியில்லாதவர், நான்கு நாளில் கற்றதை அடுத்த விடுமுறைக்குள் மறந்துவிடுவார். விலை உயர்ந்த வகுப்பென்றால் மட்டும் மறதி வராதா?

கடல்நாரை:
அப்படியானால், பணமும் செலவழிக்காமல் 18 மீட்டருக்குக் கீழே போவதில்லை என்று நானே வரம்பு வைத்துக்கொண்டால்?

பாறைமீன்:
நல்ல வரம்பு. ஆனால் ஹேவ்லாக்கில் எல்லோரும் ஆசைப்படும் டைவ் இடமான டிக்சன்ஸ் பினகிள் 18 மீட்டரோடு நிற்பதில்லை. படகு அங்கே போகிற நாளில் என்ன செய்வீர்கள்?

திருக்கை:
ஆழம் குறைந்த நீமோ ரீஃபுக்குப் போவார். கோமாளி மீன் அங்கேதான் இருக்கிறது.