கொலம்பஸ் கப்பல்: சீனாவிலிருந்து நேரடியாக இறக்கலாமா?

சந்தைக்கடை
கோயில் திருவிழா, பொருட்காட்சி என்று எங்களுக்குக் குட்டி ரயிலும் கார் சுற்றும் ஓடுகின்றன. அடுத்து 24 இருக்கை கொலம்பஸ், அதாவது முன்னும் பின்னும் ஊஞ்சலாடும் கப்பல் ரைடு, ஒன்று போட ஆசை. சீன மொத்த விற்பனைத் தளத்தில் ஹெனான் மாகாணத்து செங்சோ தொழிற்சாலைகள் போட்டிருக்கும் விலை, நம்மூரில் கேட்டதைவிட ரொம்பக் குறைவு. ஒரே ஒரு செட் வாங்கினாலும் கொடுப்பார்களாம். 30 சதவீதம் முன்பணம், மீதி கப்பலில் ஏற்றும் முன். இறக்கலாமா?

துறைமுகத்தான்
தாராளமாக. செங்சோவும் பக்கத்து ஷிங்யாங்கும் இந்தத் தொழிலுக்கே பேர்போன இடம். நடுவில் ஒரு டீலருக்கு எதற்கு லாபம் கொடுக்க வேண்டும்?

ஆனால் தளத்தில் பார்த்த விலையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். அது எஃப்.ஓ.பி., அதாவது சிங்தாவ் துறைமுகத்தில் கப்பலேற்றிக் கொடுக்கும் விலை. கப்பல் வாடகை, காப்பீடு, சுங்கம், இறக்குமதிக்குக் கட்டும் ஜி.எஸ்.டி. (ஐ.ஜி.எஸ்.டி.), சென்னையில் கிளியரிங், லாரி, கிரேன் எல்லாம் உங்கள் தலையில். கொலம்பஸின் உடம்பு ஃபைபர். எடை கம்மி, அடைக்கும் இடம் அதிகம். கன்டெய்னருக்குள் பாதி காற்றுக்குத்தான் வாடகை கட்டுவீர்கள். உடலை எத்தனை துண்டாகப் பிரித்து அனுப்புவார்கள் என்று முதலிலேயே கேளுங்கள். பில்லில் கேளிக்கை ரைடுகளுக்கான 9508 என்ற சுங்கத் தலைப்பு சரியாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பொருட்காட்சிக்காரன்
சரக்கு வந்து இறங்கிய பிறகுதானே கதையே!

தம்பி, கப்பலுக்கு அடியில் மோட்டாரோடு ஒரு டயர் இருக்கும். கப்பல் மேலே வந்து கடக்கும் நேரம் அது உரசித் தள்ளும், அப்படித்தான் ஆட்டம் ஏறும். டயர் தேய்ந்தால் எந்த ஊரிலும் மாற்றலாம். மேலே கப்பல் தொங்குகிற தண்டும் அதன் பேரிங்கும் அப்படியா? நாம் பூங்கா நடத்தவில்லை. பத்து நாள் ஓர் ஊர், அப்புறம் கழற்றி லாரியில் ஏற்றி அடுத்த ஊர். ஒவ்வொரு தடவையும் பாகங்களை இணைக்கும் பின்னைச் சுத்தியலால் தட்டி எடுக்கிறோம், தட்டிச் செருகுகிறோம். ஓரிடத்தில் நிற்பதற்கென்று வரைந்த ரைடு இந்த அடியைத் தாங்குமா? உள்ளூர்ப் பட்டறை என்றால் போன் போட்டால் ஆள் வருவான். பழையதே வாங்கினாலும் ஓடுவதைக் கண்ணால் பார்த்து வாங்கலாம்.

துறைமுகத்தான்
அண்ணே, 2019 ஜூலையில் ஆமதாபாத் காங்கரியா ஏரிப் பூங்காவில் ஊசல் ரைடு முறிந்து இரண்டு பேர் செத்தார்களே, அதுவும் முறிகிற நொடிவரை ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஓடுவதைப் பார்த்து என்ன தெரியும்? என் சீனக்காரர் ஐரோப்பியப் பாதுகாப்பு விதிப்படி என்று சொல்லும் சி.இ. சான்றிதழாவது தருகிறார். உங்கள் பட்டறை என்ன தரும்?

வெல்டு சோதனை
அந்த சி.இ. காகிதத்தை நம்பி இறங்காதீர்கள். ஐரோப்பாவின் 2006/42 இயந்திர விதி, கேளிக்கைப் பூங்கா, திருவிழா ரைடுகளைத் தன் வரம்பிலிருந்து பெயர் சொல்லியே விலக்கியிருக்கிறது. மோட்டாருக்கோ கன்ட்ரோல் பேனலுக்கோ சி.இ. இருக்கலாம், கப்பலை அது தாங்கிப் பிடிக்காது. ரைடுக்கென்று உள்ள தரநிலைகள் ஐரோப்பாவின் ஈ.என். 13814, சர்வதேச ஐ.எஸ்.ஓ. 17842. அவற்றின்படி போட்ட வடிவமைப்புக் கணக்கையும் வரைபடத்தையும் கேளுங்கள்.

இன்னொன்று. வேகம் நொடிக்கு 2 மீட்டரையோ உயரம் 2 மீட்டரையோ தொட்டாலே சீனாவில் அது 'சிறப்பு உபகரணம்'. தயாரிக்க உரிமம் வேண்டும். கொலம்பஸ் அதில் கட்டாயம் வரும். உரிமத்தில் உள்ள பெயரும், நீங்கள் பணம் போடப்போகும் வங்கிக் கணக்கின் பெயரும் ஒன்றா என்று பாருங்கள். வேறு வேறு என்றால் நீங்கள் பேசுவது தொழிற்சாலையோடு அல்ல, அங்கே உட்கார்ந்திருக்கும் இன்னொரு டீலரோடு. ஒரே போட்டோ பத்துக் கடையில் தொங்குவது அதனால்தான்.

பொருட்காட்சிக்காரன்
அப்படிப் போடுங்கள்! டீலருக்கு எதற்கு லாபம் என்றாரே நம்மாள்.

துறைமுகத்தான்
சிரியுங்கள். மூன்றாம் தரப்பு ஆய்வாளரைத் தொழிற்சாலைக்கே அனுப்பி, இருக்கையில் மணல் மூட்டை வைத்து ஓட்டிப் பார்த்துவிட்டு மீதி 70 சதவீதத்தை அனுப்பலாம். அந்தச் செலவையும் சேர்த்தாலும் எனக்குச் சீனாதான் லாபம். உங்கள் பட்டறைக்காரரிடம் வரைபடம் கேட்டுப் பாருங்கள், சாக்பீஸால் தரையில் போட்டுக் காட்டுவார்.

பொருட்காட்சிக்காரன்
சாக்பீஸில் போட்டாலும் எந்த இடத்தில் எந்த கேஜ் (கனம்) பைப் என்று மனப்பாடமாகச் சொல்வான். ரைடு போடும் இடத்துக்கு அனுமதி வாங்கும்போது உறுதிச் சான்று கொடுக்கும் இன்ஜினியருக்கு, சீன மொழி வரைபடத்தை யார் படித்துக் காட்டுவது?

வெல்டு சோதனை
ஆங்கிலத்தில் வேண்டும் என்று ஆர்டரிலேயே எழுதுங்கள். மனப்பாடத்துக்குச் சான்று எழுத முடியாது அண்ணே. பட்டறை ரைடிலும் முக்கியமான வெல்டை, விரிசலைக் காட்டும் சாயமான டை பெனட்ரன்ட் அடித்துப் பார்க்க வேண்டியதுதான்.

சந்தைக்கடை
விற்பனையாளரிடம் உரிமமும் வரைபடமும் கேட்டேன். பதிலுக்கு ஒரு வீடியோவும், இந்த வாரம் ஆர்டர் போட்டால் 5 சதவீதம் தள்ளுபடி என்றும் வந்திருக்கிறது.

துறைமுகத்தான்
அவரை விடுங்கள். இன்னும் மூன்று பேரிடம் கேளுங்கள்.

பொருட்காட்சிக்காரன்
ஈரோடு பக்கம் ஒரு பழைய கொலம்பஸ் விலைக்கு வந்திருக்கிறது. ஞாயிறு கழற்றுகிறார்கள். பின்னும் தண்டும் கையில் வரும்போது நேரிலேயே பார்க்கலாம், வாருங்கள்.

வெல்டு சோதனை
நானும் வருகிறேன். பெயின்டைச் சுரண்டிப் பார்க்க ஓனர் சம்மதிப்பாரா என்று மட்டும் முன்னாடியே கேட்டு வையுங்கள். மாட்டேன் என்றால் எனக்கு பஸ் காசு மிச்சம்.