எந்தத் தேதியில் இரட்சிக்கப்பட்டீர்கள்?

கல்லடிக்காரி:
போன மாதம், வாழைச்சேனை பஸ். பக்கத்து சீட் அண்ணன் மடியில் வேதாகமம். என் கழுத்துச் சிலுவையைப் பார்த்துவிட்டு, "தங்கச்சி, இரட்சிக்கப்பட்டிட்டீங்களா?" என்றார். ஓம் என்றேன். "என்ன தேதி?" மனந்திரும்பி இயேசுவை ஏற்றுக்கொண்ட நாளைக் கேட்கிறார். அவ்வளவுதான், வாயடைத்துப் போனேன். 1814இல் மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் வந்திறங்கிய மட்டக்களப்பு எங்கள் ஊர். நாலு தலைமுறை மெதடிஸ்த குடும்பம். கைக்குழந்தையிலேயே ஞானஸ்நானம். ஆனால் தேதி? அவர் தன் வேதாகமத்தின் முதல் தாளைத் திறந்து காட்டினார். நீல மையில் நாள், மாதம், நேரம்கூட; கீழே இரண்டு கோடு. பிறகு என்னிடம் பேனையை நீட்டினார். பஸ் குலுங்குகிறது, பேனை என் மூக்குக்கு நேரே ஆடுகிறது. நான் வாங்கவில்லை. ஏன் என்று இன்றைக்கும் பிடிபடவில்லை.

ஈப்போ மணி:
மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியிடம் கேட்டிருந்தால் மணியோடு சொல்லியிருப்பார்: 1738 மே 24, லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெரு, இரவு எட்டே முக்கால். அதே மனிதர்தான் 1739 ஜனவரியில் தான் கிறிஸ்தவனே இல்லை என்று நாட்குறிப்பில் எழுதினார்.
என் கதை வேறு. அப்பா குடியை விட்டு, ஐந்து வருஷம் சபையில் பாட்டு நடத்தி, மறுபடியும் விழுந்தார். வேலையும் போய் மூன்று வாரம். அப்போதுதான் புத்தாண்டு உடன்படிக்கை ஆராதனை, கடவுளுக்கு நம்மை மறுபடியும் ஒப்புக்கொடுக்கிற ஆராதனை. உமக்காக என்னைப் பயன்படுத்தும், இல்லையென்றால் ஒதுக்கி வையும் என்று சபையே சொல்லும் இடம் வருமே, அங்கே அப்பா உதட்டை இறுக்கிக்கொண்டார். புத்தகத்தைப் பிடித்திருந்த கட்டைவிரல் வெளுத்துப்போயிருந்தது. எல்லாரும் அடுத்த வரிக்குப் போனபிறகு, தனியாக, முணுமுணுப்பாக அதைச் சொன்னார். பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும் கேட்டது.

யோர்தான்77:
பிரதர் மணி, தப்பாக எடுக்காதீர்கள், உங்கள் அப்பா முதலில் இரட்சிக்கப்படவே இல்லை. உண்மையாக இரட்சிக்கப்பட்டவன் விழுந்துபோக மாட்டான். எனக்கு 2003இல் காய்ச்சலில் கிடந்தபோது நடந்தது, அதோடு சரி.
சகோதரிக்குச் சில ஆலோசனை. முழுக்கு ஞானஸ்நானம் எடுங்கள். குழந்தையில் தெளித்தது கணக்கில் வராது. ரோமர் நிருபம் தினம் ஒரு அதிகாரம், பதினாறு நாளில் முடிந்துவிடும். கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்குங்கள். அதிகாலை நாலரைக்கு எழுந்திருங்கள், செல்போன் வேறு அறையில் இருக்கட்டும். வெள்ளிக்கிழமை உபவாசம், சுகர் இருந்தால் மோர் குடிக்கலாம். அந்தச் சங்கிலியைப் பற்றியும் யோசியுங்கள்.

வேப்பேரி அக்கா:
தம்பி யோர்தான், மோர் வரைக்கும் சரி. விழுந்துபோக மாட்டான் என்பது சீர்திருத்தவாதி கால்வின் வழி வந்தவர்கள் சொல்வது. வெஸ்லி அப்படிப் போதிக்கவில்லை. கிருபையை உதறிவிட்டும் போகலாம், திரும்பியும் வரலாம். மணியின் அப்பா திரும்பி வந்தவர் என்றுதான் எனக்குப் படுகிறது. குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதும் சும்மா இல்லை, நாம் கேட்பதற்கு முன்னாலேயே வந்து நிற்கிற கிருபை அது. பாவத்தை மன்னித்து நீதிமானாக்குவது, பிறகு வாழ்க்கையைப் பரிசுத்தமாக்குவது எல்லாம் அதே கிருபையின் அடுத்த வேலை.
என் மாமியாருக்குக் கடைசி வருஷம் ஞாபகமே இல்லை. என்னையே "நீ யாரும்மா?" என்பார். அப்பமும் ரசமும் கொடுக்கிற திருவிருந்தில் போதகர் அவர் முன்னால் ஒரு நொடி தயங்கி நின்றார். மாமி இடது கைமேல் வலது கையை வைத்து நீட்டினார், அரிசி வாங்குகிறவர் மாதிரி. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

கல்லடிக்காரி:
அக்கா, நன்றி. ஒன்று எழுத மறந்துவிட்டேன். அந்த அண்ணன் இறங்கும்போது, மேலே தட்டில் இருந்த என் பையை எடுத்துக் கொடுத்துவிட்டுத்தான் போனார்.