கொரிலியானோவின் முதல் சிம்பொனியை எவ்வாறு கேட்பது?

கேள்வி: அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கொரிலியானோ எய்ட்ஸ் நோயால் இறந்த நண்பர்களை நினைத்து எழுதிய முதல் சிம்பொனியை (பெரிய இசைக்குழுவுக்கான பல பகுதிப் படைப்பு) கேட்டேன். முதல் பகுதியின் பேரிரைச்சலுக்கு நடுவே தொலைவில் கேட்கும் பியானோ எதற்காக? இரைச்சலும் மென்மையும் ஒட்டாமல் நிற்பதாகத் தோன்றுகிறது.

மறுமொழி 1: அவை ஒட்டாமல் நிற்பதே இப்படைப்பின் உயிர் என்பேன். வயலின்களும், அவற்றைவிடச் சற்றே பெரிய வியோலாக்களும் விரல் வைக்காத ‘ஏ’ தந்தியில் ஒரே சுரத்தைப் பிடித்து, அது தாங்க முடியாத அளவுக்கு வலுத்து, தாளக் கருவிகளின் வெடிப்பில் முடிவதுதான் தொடக்கம். அந்த இரைச்சலில் வெளிப்படும் சினம் சற்றே தணியும்போது, மேடைக்கு வெளியிலிருந்து ஸ்பானிய இசையமைப்பாளர் ஆல்பெனிஸின் டாங்கோ நடன இசை பியானோவில் ஒலிக்கிறது. பியானோ கலைஞரான நண்பர் ஒருவர் பெரிதும் விரும்பிய இசை அது. வாசிப்பவர் நம் கண்ணில் படாததால், அது நினைவாகவே வந்து சேர்கிறது. 1990-இல் டேனியல் பாரன்பாய்ம் நடத்த, சிகாகோ சிம்பொனி இசைக்குழு இதனை முதன்முதலில் அரங்கேற்றியது.

மறுமொழி 2: இரண்டாம் பகுதியான தரண்டெல்லாவையும் (விரைவான இத்தாலிய நடன வகை) கவனியுங்கள். எய்ட்ஸ் நோயால் மனம் பேதலித்த நண்பரின் நிலையைச் சொல்லும் இந்த நடன இசை, துள்ளலாகத் தொடங்கிப் படிப்படியாகக் குலைந்து அலறலாக மாறுகிறது. என்னை அதிகம் உலுக்கியது இதுவே.

மறுமொழி 3: மூன்றாம் பகுதியின் செல்லோவை விட்டுவிட வேண்டாம். செல்லோ வாசித்த இன்னொரு நண்பருடன் தாம் முன்னர் முன்தயாரிப்பின்றி, மனத்தில் தோன்றியபடி வாசித்துப் பதிவு செய்த ஒலிநாடாவிலிருந்தே கொரிலியானோ அந்த மெட்டை எடுத்தார். பின்னர் இரண்டாவது செல்லோ இணையும் இடத்தைத் தனியாக ஒருமுறை கேளுங்கள்.