கணக்கில் 0.16, குழாய் தாங்குவது 0.9. பிறகும் தெருவில் ஏன் தண்ணீர் நிற்கிறது?

கேள்வி:
18 ஹெக்டேர் பரப்புக்கு மழைநீர் வடிகால் கணக்கு. இப்போது இருப்பது 900 மி.மீ. கான்கிரீட் குழாய், சரிவு 400-க்கு 1. ரேஷனல் முறையில் (மழைச் செறிவு, பரப்பு, வழிவுக் கெழு மூன்றையும் பெருக்கி ஓட்டம் காண்பது) வினாடிக்கு 0.16 கன மீட்டர்தான் வருகிறது. மேனிங் சூத்திரப்படி (குழாயின் அளவு, சரிவு, சொரசொரப்பை வைத்து ஓட்டம் காண்பது) குழாய் நிரம்பி ஓடினால் 0.9 போகும். ஆனால் அரை மணி நேரம் அடித்துப் பெய்தாலே கீழ்த்தெருவில் முழங்கால் அளவு நிற்கிறது. ஒரு நாள் அதிகபட்ச மழை 120 மி.மீ.; அதை 24-ஆல் வகுத்து மணிக்கு 5 மி.மீ. என்று எடுத்தேன். வழிவுக் கெழு (மழையில் மண்ணில் இறங்காமல் ஓடிவரும் பங்கு) 0.65. எங்கே இடிக்கிறது?

பதில் 1:
24-ஆல் வகுத்த இடத்தில். நாள் மழையைச் சராசரியாக்கினால் அது தூறல் ஆகிவிடும். குழாயை நிரப்புவது அந்த நாளின் மோசமான கால் மணி நேரம். பரப்பின் கடைக்கோடித் துளி வெளிவாய்க்கு வந்து சேர எவ்வளவு நேரமோ, அவ்வளவு நேரத்துக்கான மழைச் செறிவைத்தான் ஐடிஎஃப் வளைகோட்டில் (எவ்வளவு நேரம் பெய்தால், எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை, எவ்வளவு செறிவு என்று காட்டும் வரைபடம்) படிக்க வேண்டும்.

சூத்திரம் உங்களுக்குத் தெரிந்ததுதான்: கெழு × செறிவு × பரப்பு ÷ 360. பரப்பு ஹெக்டேரிலும் செறிவு மணிக்கு மி.மீ.-யிலும் இருந்தால்தான் 360. சதுர கிலோமீட்டரில் போட்டால் 3.6.

மிக நீண்ட பாதை எவ்வளவு, நிலப்பயன்பாடு எப்படி, 5 ஆண்டு மீள்வரவுக்கான (சராசரியாக 5 ஆண்டுக்கு ஒருமுறை வரும் மழைக்கான) செறிவுகள் என்ன என்று சொல்லுங்கள்.

கேட்டவர்:
பாதை 620 மீட்டர்: முதல் 60 மீட்டர் தரைமேல், மீதி 560 குழாயில். மொத்த இறக்கம் 5 மீட்டர். கூரை, சாலை, கான்கிரீட் 8 ஹெக்டேர், மண் முற்றமுள்ள வீடுகள் 6, பூங்கா 4. செறிவு: 10 நிமிடத்துக்கு 110, 15-க்கு 92, 30-க்கு 64, 60-க்கு 42. தண்ணீர் வந்துசேரும் நேரத்துக்கான கிர்பிச் சூத்திரத்தில் 17.6 நிமிடம் வருகிறது.

பதில் 1:
கிர்பிச்சை அப்படியே எடுக்க வேண்டாம். 1940-ல் அமெரிக்காவின் டென்னசி மாநிலப் பண்ணை நிலங்களை வைத்து வந்த சூத்திரம் அது. நகரத்துக் குழாய்க்குப் பொருத்தமான சட்டை அல்ல. பாதையை இரண்டாகப் பிரியுங்கள். தரைமேல் 60 மீட்டருக்கு 8 நிமிடம் வைக்கலாம். குழாய் நிரம்பி ஓடும்போது வேகம் வினாடிக்கு 1.4 மீட்டர், 560 மீட்டருக்கு 6.7 நிமிடம். கூட்டினால் ஏறத்தாழ 15. செறிவு 92.

கெழுவை மொத்தமாக ஊகிக்காமல் பரப்புவாரியாகப் பெருக்குங்கள்: 8 × 0.90 = 7.2, 6 × 0.55 = 3.3, 4 × 0.20 = 0.8. மொத்தம் 11.3. ஓட்டம் 11.3 × 92 ÷ 360 = 2.89. குழாயின் திறனைப் போல மூன்று மடங்குக்கு மேல். முழங்கால் தண்ணீருக்கு இதுவே போதும்.

கேட்டவர்:
பூங்கா மூலையிலிருந்து புல்வெளி வழியாக எடுத்தால் 30 நிமிடம் ஆகிறது. அதுதான் அதிக நேரம் என்று 64-ஐப் போட்டால் ஓட்டம் 2.01 ஆகக் குறைகிறதே?

பதில் 2:
பலரும் சறுக்கும் இடம் இது. பூங்காவை முழுக்க விட்டுவிட்டு மீதி 14 ஹெக்டேரை மட்டும் 15 நிமிடத்துக்குப் போட்டுப் பாருங்கள்: 10.5 × 92 ÷ 360 = 2.68. பரப்பைக் குறைத்தால் ஓட்டம் கூடுகிறது! பூங்கா 0.8 மட்டுமே சேர்த்துவிட்டு, செறிவை 92-லிருந்து 64-க்கு இழுத்துவிடுகிறது. முழுப் பரப்பு, வேகமாக வடியும் பகுதி மட்டும், இரண்டையும் போட்டு எது பெரிதோ அதை எடுங்கள். 15 நிமிடத்துக்குள் பூங்காவிலிருந்தும் கொஞ்சம் வரும், அதனால் 2.89-ஐயே வைத்துக்கொள்வதில் தவறில்லை.

அடுத்தது குழாய் அளவு. அதே சரிவில் 1400 மி.மீ. போட்டால் 2.94 போகும், ஆனால் மேனிங் கெழு (குழாயின் சொரசொரப்பைக் காட்டும் எண்) 0.013 என்ற புதுக் குழாய்க் கணக்கில். நாள்பட்டு 0.015 ஆனால் 2.55-தான். 1500 என்றால் 0.015-லும் 3.06. இங்கே நிறுத்தாதீர்கள். பெரிய குழாயில் வேகம் 1.73, பயண நேரம் 5.4 நிமிடமாகச் சுருங்கும். மொத்தம் 13.4 நிமிடம், செறிவு 97.8, ஓட்டம் 3.07 ஆக ஏறும். மயிரிழையில் போதாமல் போகிறது, கூடுதல் இடம் எதுவும் இல்லை. அடுத்த அளவுக்குப் போங்கள், அல்லது ஆழம் கிடைக்காவிட்டால் பெட்டி வடிகால்.

பதில் 3:
தோண்டுவதற்கு முன் ஒரு சோதனை. மழை விட்டதும் கீழ்த்தெரு மேன்ஹோல் மூடியைத் திறந்து, உள்ளே இறங்காமல், டார்ச் அடித்துச் சுவரைப் பாருங்கள். சேற்றுக் கோடு மூடி வரை ஏறியிருந்தால் குழாய் திணறியிருக்கிறது. கோடு குழாயின் உச்சிக்குக் கீழேயே நின்றிருந்தால் தண்ணீர் உள்ளே போகவே இல்லை: சாலையோரச் சல்லடைகளில் அடைப்பு, அல்லது அவற்றின் எண்ணிக்கை போதவில்லை. அப்படியானால் 1500 போட்டாலும் தெருவில் அதே தண்ணீர்தான்.

வண்டலையும் அளந்துவிடுங்கள். 900 குழாயில் 200 மி.மீ. படிந்திருந்தால் குறுக்குப் பரப்பில் ஆறில் ஒரு பங்கு போயிற்று, ஓட்டம் அதைவிடக் கூடுதலாகக் குறையும்.

சேற்றுக் கோடு மேலே இருந்தால் வெளிவாயையும் பாருங்கள். 560 மீட்டருக்குக் குழாய் இறங்குவது 1.4 மீட்டர். வெளிவாயில் கால்வாய் வெள்ளம் குழாய் உச்சிக்கு மேல் 0.7 மீட்டர் நின்றால் தண்ணீரைத் தள்ளும் மட்ட வித்தியாசம் பாதிதான். 0.9 என்பது 0.64 ஆகிவிடும். புது அளவை முடிவு செய்யும்போதும் கால்வாயின் வெள்ள மட்டத்திலிருந்து மேல்நோக்கிப் போடுங்கள், குழாய்ச் சரிவை மட்டும் நம்பாமல்.