ஒளிக் கோரிலேட்டரில் தாமதமே இல்லையாமே?

லென்ஸ்பித்தன்:
"படத்தில் உருவத்தை அடையாளம் காண ஒளிக் கோரிலேட்டர் போதும், தாமதமே கிடையாது" என்று ஒருவர் அடித்துவிட்டிருக்கிறார். லென்ஸும் ஃபில்டரும் வைத்து ஒளியாலேயே படத்தை மாதிரியோடு ஒப்பிடும் கருவி அது; பொருந்தினால் கேமராவில் ஒரு வெளிச்சப் புள்ளி, அதாவது பீக், விழும். 182 மி.மீ. குவியத் தூர லென்ஸ் இரண்டு போட்டு, அந்தத் தூரத்தைப் போல் நான்கு மடங்கு நீளும் 4எஃப் அமைப்பில் ஒளி கடப்பது 73 செ.மீ., அதாவது 2.4 நானோ நொடி. படத்தைப் பிக்சல் பிக்சலாக ஒளியில் ஏற்றும் திரவப்படிகத் திரையான எஸ்எல்எம்மை எங்கே ஒளித்துவைத்தார்? மெதுவான திரவப்படிக வகையான 60 ஹெர்ட்ஸ் நெமாட்டிக்கில் ஒரு படத்துக்கு 16.7 மில்லி நொடி.

ஒளிமாறன்:
எழுதியது நான்தான், பெயரைச் சொல்லியே கேட்கலாம். நெமாட்டிக்கை யார் போடச் சொன்னது? வேகமான திரவப்படிக வகையான ஃபெர்ரோஎலெக்ட்ரிக் எஸ்எல்எம் நொடிக்கு ஆயிரம் படத்துக்கு மேல் தரும்.

லென்ஸ்பித்தன்:
ஒவ்வொரு படத்துக்கும் பின்னால் அதன் தலைகீழ்ப் படத்தையும் காட்டி மின்னழுத்தத்தைச் சமன்செய்யணும். இல்லாவிட்டால் படிகம் கெடும். பாதி நேரம் அதிலேயே போச்சு.

ஒளிமாறன்:
ஒவ்வொரு பிக்சலும் ஒளியலையை +1 அல்லது மைனஸ் 1ஆல் மட்டும் பெருக்கும் பைனரி ஃபேஸில் தலைகீழ் என்றால் எல்லாப் பிக்சலும் மைனஸ் 1ஆல் பெருக்கப்படும், அவ்வளவுதான். கேமராவில் விழும் பீக் அதேதான். எங்கே போச்சு பாதி நேரம்?

லென்ஸ்பித்தன்:
நான் கேட்டது உள்ளீட்டுப் படத்தை. அதை வெளிச்ச வேறுபாடாக எழுதினால் தலைகீழில் கறுப்பு வெள்ளையாகிவிடும். அந்த நேரம் லேசரை மறைக்கணும். பாதி நேரம் போச்சுதான்.

சிப்புச்சாமி:
அண்ணே, இதே வேலைக்கான 512×512 எஃப்எஃப்டி (ஃபூரியர் மாற்றம்) கணக்கை ஜிபியூ 1 மில்லி நொடிக்குள் முடித்துவிடும். இத்தனை லென்ஸ் எதற்கு?

லென்ஸ்பித்தன்:
தம்பி, பேச்சு எஸ்எல்எம் பற்றி.

ஒளிமாறன்:
182 மி.மீ. லென்ஸ் எந்தக் கடையில் விற்கிறது? 200 கிடைக்கும்.

லென்ஸ்பித்தன்:
எஸ்எல்எம் 512 பிக்சல், பிட்ச் (பிக்சல் இடைவெளி) 15 மைக்ரான், ஹீலியம்-நியான் லேசர் 632.8 நானோமீட்டர். பிட்சின் வர்க்கத்தைப் பிக்சல் எண்ணிக்கையால் பெருக்கி அலைநீளத்தால் வகுத்துப் பாருங்கள், 182. 200 போட்டால், முதல் லென்ஸ் தரும் படத்தின் ஸ்பெக்ட்ரம் (ஃபூரியர் வடிவம்) 10 சதவீதம் விரியும். நடுவில் இருக்கும், மாதிரியிலிருந்து செய்த ஃபில்டரின் ஓரத்தில் 25 பிக்சல் தள்ளி விழும், பீக் சிதறும். இரண்டு லென்ஸைச் சேர்த்து, இடைவெளியை நகர்த்தித்தான் 182க்குக் கொண்டுவரணும். ஜேடிசி (மாதிரியையும் காட்சியையும் சேர்த்தே ஏற்றும் இன்னொரு வகைக் கோரிலேட்டர்) பற்றிய பழைய இழையிலேயே எழுதினேன், நீங்கள் படிப்பதில்லை.

ஒளிமாறன்:
படித்தேன். மாதிரியையும் காட்சியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஃபில்டர் அலைன்மென்ட்டே வேண்டாம் என்றேன். அன்றும் உங்களிடம் பதில் இல்லை.

லென்ஸ்பித்தன்:
ஜேடிசியில் கூட்டு ஸ்பெக்ட்ரத்தைக் கேமராவில் பிடித்து மறுபடி எஸ்எல்எம்மில் ஏற்றணும், இரண்டு சுற்று. நடுவில் விழும் தேவையற்ற ஒளியான ஜீரோ ஆர்டர் பளீரென்று அடித்துப் பீக்கை அமுக்கும். இதுதான் தாமதமே இல்லாததா?

ஒளிமாறன்:
தலைகீழ்ப் படத்துக்குப் பதில் சொல்லிவிட்டு ஜேடிசிக்குப் போங்கள். பைனரி ஃபேஸில் பீக் மாறாது.

லென்ஸ்பித்தன்:
கேமராவிலிருந்து வருவது 8 பிட் படம். அதை பைனரியாக்க முதலில் விளிம்பு எடுக்கணும், அதற்கும் நேரம் ஆகும். பாதி நேரக் கணக்கு அப்படியே நிற்கிறது.