கிராஃபைட்டிலிருந்து எலக்ட்ரான் வெளியே வருவதை நேரில் பார்த்தவர்கள் உண்டா?

வாளையார்க்காரன்
பாலக்காட்டுப் பக்கம் ஒரு கல்லூரி ஆய்வகம், இடவப்பாதி மழை விடாமல் பெய்த வாரம். புல உமிழ்வுச் சோதனை, அதாவது வலுவான மின்புலத்தால் எலக்ட்ரானை வெளியே இழுப்பது: வேக்குவம், எதிரே எலக்ட்ரான் பட்டால் ஒளிரும் பாஸ்பர் திரை, நடுவே 200 மைக்ரான் இடைவெளி. கார்பன் தாள்களாக அடுக்கிய கிராஃபைட் துண்டை, தட்டை முகம் திரையைப் பார்க்கப் படுக்க வைத்து 1500 வோல்ட் வரை ஏற்றினேன். திரை இருட்டு. மறுநாள் அதே துண்டை அடுக்குகளின் விளிம்பு திரையைப் பார்க்கும்படி நிமிர்த்தி வைத்தேன். 900 தாண்டியதும் ஒரு பச்சைப் புள்ளி, கடுகு அளவு. பக்கத்தில் இன்னொன்று வந்தது. முதலாவது அணைந்து மறுபடி எரிந்தது. சாப்பிடப் போகவேண்டியவன் பதினொன்றரை வரை அங்கேயே நின்றேன். கிராஃபைட்டிலிருந்து எலக்ட்ரான் வெளியே வர 4.6 எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு) அளவுக்கு ஆற்றல் வேண்டும். துண்டும் அதேதான். திருப்பி வைத்ததற்கா இத்தனை வித்தியாசம்?

பம்ப் மெக்கானிக்
தம்பி, நீங்கள் பார்த்தது தண்ணீர். மழைக்காலத்தில் வேக்குவம் சேம்பரைத் திறந்து மூடினால் ஈரம் மாதிரியின் மேல் ஒட்டிக்கொள்ளும். அது வந்து வந்து போவதால்தான் புள்ளி ஆடுகிறது. எனக்கும் ஆடியது. பொறுக்காமல் வோல்ட்டேஜை ஏற்றினேன், பட்டென்று ஒரு நீலப் பொறி, மூன்று மாத உழைப்பு கருகிப் போனது. அதனால் சொல்கிறேன். முதலில் சேம்பரை ராத்திரி முழுக்கச் சூடாக்குங்கள். சப்ளையோடு தொடராக 10 மெகா ஓம் மின்தடை போடுங்கள், பொறி பறந்தாலும் மாதிரி பிழைக்கும். வோல்ட்டேஜை 20, 20 ஆக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் பத்து நிமிடம் விடுங்கள். மின்னோட்டத்தை வோல்ட்டேஜின் வர்க்கத்தால் வகுத்து, மடக்கை எடுத்து, வோல்ட்டேஜின் தலைகீழுக்கு எதிராக வரையுங்கள். 1928-ல் புல உமிழ்வுக்குக் கணக்கு எழுதிய ஃபௌலரும் நோர்ட்ஹைமும் சொன்னபடி நேர்கோடு வந்தால்தான் நம்பலாம். வோல்ட்டேஜை இறக்கும்போதும் அளவெடுங்கள், பலர் அதை விட்டுவிடுகிறார்கள்.

நகரி டீச்சர்
அண்ணா, ஈரம்தான் என்றால் படுக்க வைத்த அன்றும் மழைதானே, அன்றைக்கு ஏன் இருட்டு?

என் அனுபவம் வேறு. ஆந்திர எல்லையில் எங்கள் பள்ளியில், தங்க இலை நிலைமின்காட்டியின் (மின்னூட்டம் இருந்தால் இலை விரியும், போனால் விழும்) மேல் துத்தநாகத் தகட்டை வைத்து எதிர்மின்னூட்டம் கொடுத்து, 254 நானோமீட்டர் புற ஊதா விளக்கைக் காட்டினேன். இலை சட்டென்று விழுந்தது. அப்புறம் கிராஃபைட் தகடு. அந்த ஒளிக்கு 4.9 எலக்ட்ரான் வோல்ட் உண்டு, கணக்குப்படி போதும். ஆனால் இலை அசைந்ததா இல்லையா என்றே தெரியவில்லை. ஒரு மாணவி கேட்டாள்: "மிஸ், கதவு திறந்திருக்கே, ஏன் வரமாட்டேங்குது?" அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. பிறகு படித்தேன். கிராஃபைட்டில் மேல்மட்டத்தில் இருக்கும் எலக்ட்ரான்கள் வாசலைப் பார்த்து நிற்பவை இல்லை, திண்ணையோரமாகப் பக்கவாட்டில் ஓடுபவை. அந்த ஓட்டத்துக்கே 11 எலக்ட்ரான் வோல்ட் அளவு ஆற்றல் போய்விடும். படிகக் குறையிலோ அணு அதிர்விலோ மோதித் திரும்பினால்தான் தட்டை முகம் வழியாக வெளியேற முடியும்.

வாளையார்க்காரன்
டீச்சர், அந்தத் திண்ணையை விடமாட்டேன்: பக்கவாட்டில் ஓடுபவைக்கு விளிம்புதானே வாசல். விளிம்பில் மின்புலமும் குவிகிறது, அதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அண்ணா, நீங்கள் சொன்னபடி ராத்திரி முழுக்கச் சூடாக்கினேன், மின்தடையும் போட்டேன். ஆட்டம் பாதிக்கு மேல் குறைந்துவிட்டது, அதில் நீங்கள் சொன்னதுதான் சரி. ஆனால் ஏழு புள்ளிகள் நிற்கின்றன. ஏழும் விளிம்பின் வரிசையிலேயே.